மூன்று மிதி

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு முதியோர் இல்லத்தின் அலுவலக அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் இல்லத்தின் மேலாளர் அம்மாள். அவருக்கு வலது கைப்பக்கம், தொடைமேல் தோல்பையைக் கிடத்திக்கொண்டு, காப்பீட்டுக் கம்பெனியின் ஆய்வாளர். இடது பக்கம், கணினிக்குப் பின்னால் பாதி முகம் மறைந்து, பேசியதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் பெண். ஜன்னலோர நாற்காலியில் இல்லத்தில் குடியிருக்கும் தையல்காரர். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, மூக்குக்கண்ணாடியில் ஒரு விரிசல். எதிர்ச் சுவரோரம் கிடந்த நீள பெஞ்சின் ஒரு நுனியில் வேன் ஓட்டுநர். மறு நுனியில் பட்டறைக்காரர்.

பெஞ்சில் அந்த இருவருக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அவர்களைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் என்னவோ ஏதோ என்று பதறியிருப்பார்கள். ஓட்டுநர் வேறு யாருமல்ல, பட்டறைக்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். இருபத்திரண்டு வருட மச்சான். மற்ற நாட்களில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் நடுவில் ஒரு டீ கிளாஸ் வைக்க இடம் இருக்காது.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை காலை, கண் ஆஸ்பத்திரியிலிருந்து எட்டு முதியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய இல்லத்து வேன், வாசல் சரிவில் இறங்கியபோது நிற்கவில்லை. கேட் சாத்தியிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்து, கேட்டை விட்டுத் தூணில் மோதவிட்டார். மற்றவர்கள் அதிர்ச்சியோடு தப்பித்தார்கள். முன் சீட்டில் இருந்த தையல்காரருக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது.

“டிரைவர் பிரேக்க மிதிச்சாரும்மா,” என்றார் தையல்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே. “நான் பக்கத்துலதான் இருந்தேன். முழங்கால் ஒரே நீட்டா நீண்டதப் பாத்தேன். நாப்பது வருஷம் பேன்ட் தச்சவன் நான். முழங்கால் எப்ப மடங்குது, எப்ப நீளுதுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஐயா, அன்னைக்கு உங்களுக்குக் கண்ணுல மருந்து விட்டிருந்தாங்க இல்ல?” என்றார் மேலாளர் மெதுவாக.

“மருந்து விட்டது ஒரு கண்ணுக்கு. பாத்தது இன்னொரு கண்ணால.”

எழுத்தர் பெண் கணினிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“மோதின வண்டிய அங்கயே வச்சுப் பாத்தேன் மேடம். ஆயில் ஒழுகல. பெடல ரெண்டு மூணு தடவ அமுக்கிப் பாத்தேன், கெட்டியா நிக்குது. பிரேக்குல ஒரு கோளாறும் இல்லன்னுதான் எழுதியிருக்கேன்.”

மேலாளர் பட்டறைக்காரரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. வியாழக்கிழமைதானே முன்பக்க பிரேக் முழுசும் புதுசா மாத்தினீங்க? வண்டிய வெளிய விடறப்போ பெடல் எப்படி இருந்துச்சு?”

பெஞ்சின் மறு நுனியில் மச்சானின் தலை மெல்லத் திரும்பியது. பட்டறைக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிரே சுவரில் தொங்கிய கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தார்.

“கல்லு மாதிரி இருந்துச்சு மேடம்.”

விசைப்பலகையில் அந்த வார்த்தைகள் விழுகிற சத்தம் கேட்டது. மச்சானின் தலை மறுபடி குனிந்தது. ஐம்பத்தேழு வயது, அதில் இருபத்தாறு வருடம் இந்த இல்லத்து வேன். ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. வரும் வியாழக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், திருப்தியாக இல்லையென்றால் வேலையிலிருந்து எடுத்துவிடுவது தவிர வழியில்லை என்று மேலாளர் சொன்னபோதும் “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் பட்டறைக்காரர் செருப்பை மாட்டிக்கொள்ளத் தேவைக்குமேல் நேரம் எடுத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது மச்சான் கேட்டைத் தாண்டிப் போயிருந்தார்.

பட்டறைக்காரருக்கு ஓட்டுநர்கள் வைத்திருந்த பெயர் ‘மூணுமிதி’. எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் பிரேக் பெடலைச் சட்சட்டென்று மூன்று தடவை மிதித்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். தொழில் கற்ற நாட்களில் அவர் கைக்கு வந்ததெல்லாம் ஆயுள் முடிந்த லாரிகள். முதல் மிதியில் எதுவும் பிடிக்காது, மூன்றாவதில்தான் பிடிக்கும். அந்த லாரிகள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தாலும் பழக்கம் காலோடு தங்கிவிட்டது. பெயரை முதலில் வைத்தவர் மச்சான்தான். அவர் வைத்த பெயர் என்பதால் பட்டறைக்காரருக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பட்டறை பெரியதல்ல. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வண்டிகள் நிற்கலாம். பின்பக்கம் ஒரு அறை, அதில் ஒரு மேசை, ஒரு அடுப்பு. வேலைக்கு ஆள் இல்லை, இருப்பது மனைவிதான். புது பிரேக் போட்டால் கடைசியில் காற்று எடுக்க வேண்டும். குழாயைக் கழற்றி மாட்டும்போது உள்ளே புகுந்த காற்று அங்கேயே தங்கிவிட்டால், மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மனைவி உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பிடிப்பாள். அவர் சக்கரத்தடியில் குந்தி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து, காற்றும் ஆயிலுமாக வெளியே விட்டு மூடுவார். “மிதி.” “பிடிச்சிருக்கேன்.” “விடு.” கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்களில்கூட இந்த மூன்று மட்டும் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சுவரில் அவர் கையாலேயே எழுதிய பலகை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய ஒரே பரிசு கையெழுத்துக்கு வாங்கியது. பலகையைப் பார்த்தால் அச்சடித்தது என்றுதான் தோன்றும். ‘ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம் திற.’ இடது காலிப்பரும் வலது காலிப்பரும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும். ஒன்று வண்டியில் இருக்கும்போதே மற்றதை மாட்டினால், பார்த்துச் செய்ய ஒரு மாதிரி கண்முன்னால் இருக்கும்.

வியாழக்கிழமை அவர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் திறந்தார். நாலு மணிக்குள் வண்டி வேண்டும், மறுநாள் கண் ஆஸ்பத்திரி என்று இல்லத்திலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. பழைய காலிப்பர்கள் இரண்டையும் கழற்றிக் கழிவுக் குவியலில் எறிந்தார். புதுப் பெட்டிகள் இரண்டையும் பிரித்துத் துணிமேல் பரப்பினார். மாட்டினார். மனைவியைக் கூப்பிட்டுக் காற்று எடுத்தார். ஆயில் சுத்தமாக வந்தது, ஒரு குமிழி இல்லை.

“ஏங்க, பெடல் பஞ்சு மாதிரி போகுதுங்க,” என்றாள் அவள் உள்ளிருந்து.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவளை நகரச் சொல்லி ஏறி உட்கார்ந்து, சட்சட்டென்று மிதித்தார். “எங்க பஞ்சு? கல்லு மாதிரி இருக்கு.”

“நீங்க மூணு தடவ மிதிச்சீங்க. நான் ஒரு தடவதான் மிதிச்சேன்.”

“புது பிரேக் பேடும்மா. ரெண்டு நாள் ஓடினா படிஞ்சிடும். இப்ப ஆள விடு.”

அவள் ஆளை விட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் மச்சானும் போன் பண்ணினார். “மாப்ள, முதல் மிதியில கொஞ்சம் கீழ இறங்குற மாதிரி இருக்கே?”

“புதுச் செருப்பு மாதிரிதான் மச்சான். ரெண்டு நாள்ல காலுக்குப் பழகிடும்.”

“செருப்பு கடிச்சா கழட்டிக் கையில எடுத்துக்கலாம். இத எங்கடா எடுக்கறது?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போது பட்டறைக்காரரின் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

திங்கட்கிழமை மாலை வேனை இழுத்துக்கொண்டுவந்து பட்டறையில் விட்டார்கள். பம்பரையும் விளக்கையும் சரிபண்ண வேண்டும், “பிரேக்கையும் சும்மா ஒரு தடவ பாத்துடுங்க” என்று சொல்லியனுப்பியிருந்தார் மேலாளர். பட்டறைக்காரர் பம்பரில் ஆரம்பித்தார். பம்பர் முடிந்ததும் விளக்கு. விளக்கு முடிந்ததும், யாரும் கேட்காமலே, கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். செவ்வாய்க்கிழமை காலை வைப்பரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். அவரிடம் எதுவும் கேட்காமல் வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஒரே ஒரு தடவை மிதித்தாள்.

“வாங்க. வந்து பாருங்க.”

குனிந்து பார்த்தார். அவள் செருப்பு கிட்டத்தட்டத் தரைவிரிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதற்குமேல் தட்டிக்கழிக்க வழியில்லை. அவர் எதையும் முறைப்படி செய்கிறவர். பயத்திலும் முறை தப்பவில்லை. ஆயில் தொட்டியைப் பார்த்தார், மட்டம் குறையவில்லை. நான்கு சக்கரத்தடியிலும் காகிதம் விரித்து மிதிக்கச் சொன்னார், ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஒரு நிமிடம் காத்திருந்தார். இறங்கின இடத்திலேயே நின்றது, மேற்கொண்டு நழுவவில்லை. ஆக, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இல்லை. பிறகு சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய்களைக் கிடுக்கியால் நசுக்கி அடைத்துப் பார்த்தார். பின்பக்கம் இரண்டையும் அடைத்தார்.

“இப்ப?”

“பஞ்சு.”

முன்பக்கம் ஒன்றை அடைத்தார்.

“இப்ப?”

“பாதி பஞ்சு.”

முன்பக்கம் இரண்டையும் அடைத்தார். அவள் மிதித்தாள்.

“இப்ப கல்லு,” என்றாள். “ஒரே மிதியில.”

கோளாறு முன்பக்கம்தான், அதுவும் அவர் மாற்றிய இடத்தில்தான். கிடுக்கிகளை எடுத்துவிட்டு மறுபடி காற்று எடுத்தார். மிதி, பிடிச்சிருக்கேன், விடு. பத்து தடவை. கண்ணாடிப் புட்டிக்குள் ஆயில் தேன் போல இறங்கியது. ஒரு குமிழி இல்லை. காற்று உள்ளே இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. சக்கரத்தடியில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் ஸ்பேனர் நிப்பிளைப் பிடித்தபடி இருந்தது. அந்தக் கையைப் பார்த்தார். கை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று தோன்றியது.

நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. அது உச்சியில் அல்லவா இருக்க வேண்டும்!

மறுபக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் அடியில். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார். போல்ட் பொருந்துகிறது, குழாய் பொருந்துகிறது, டிஸ்கைக்கூடக் கவ்விப் பிடிக்கிறது. நிப்பிள் மட்டும் தலைகீழ். காற்று எப்போதும் மேலே போய்த்தான் ஒதுங்கும். மொட்டைமாடியில் நிற்கிறவனை வெளியே விரட்ட, அவர் கீழ்வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நிமிர்ந்தால் நேர் எதிரே பலகை. ‘ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம் திற.’ பரிசு வாங்கிய கையெழுத்து.

“என்ன ஆச்சு?” என்றாள் உள்ளிருந்து.

“ஒண்ணுமில்ல.”

அந்த ‘ஒண்ணுமில்ல’யை அவள் இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வண்டியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

அவர் கழற்றினார். மாற்றி மாட்டினார், இந்த முறை ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம். இந்தச் சங்கதியை அவரும் இரும்பும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. இப்படியே வண்டியைக் கொண்டுபோய் விட்டால் கேட்பார் கிடையாது. ஆய்வாளரே எழுதிக் கொடுத்துவிட்டார், பிரேக்கில் கோளாறு இல்லை என்று. ஆனால் காற்று எடுக்க ஒரு கால் வேண்டும். அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

“மிதி.”

“பிடிச்சிருக்கேன்.”

நிப்பிளைத் திறந்தார். பொளக் பொளக்கென்று, தொண்டையில் சிக்கியது வெளியே வருகிற மாதிரி, காற்று வந்தது. சத்தம் உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்டிருக்கும். மூன்றாம் தடவை, நாலாம் தடவை. ஒவ்வொன்றுக்கும் பெடல் அவள் காலுக்கடியில் உயர்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்தபோது அவள் ஒரு தடவை மிதித்தாள். பெடல் நின்றது.

இறங்கி வந்து, “இது அன்னைக்கும் உள்ளதான் இருந்துச்சு,” என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

அவர் ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார். “அவங்க வண்டி மொத்தம் ஆறு. நம்ம வேலையில பாதி அதுதான்.”

“தெரியும்.”

“ஒரு வார்த்த வெளிய போனா எந்த டிரைவரும் இங்க வண்டி விடமாட்டான்.”

“அதுவும் தெரியும்.” அவள் குரல் ஏறவே இல்லை. “எங்க அண்ணன் அன்னையிலேருந்து நாற்காலியில உக்காந்துகிட்டு வெறும் தரைய மிதிச்சு மிதிச்சுப் பாத்துக்கிட்டிருக்காராம். கால் சொன்னபடி கேக்குதான்னு. அண்ணி போன்ல சொல்லி அழுதாங்க. இது உங்களுக்குத் தெரியாதில்ல, அதான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளாகச் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருக்கலாம். அந்த வசதியையும் அவள் கொடுக்கவில்லை. அன்று முழுக்க அவர் எடுத்தது வைத்த இடத்தில் இல்லை, வைத்தது தேடிய இடத்தில் இல்லை. மேலாளர் போன் பண்ணி வண்டி தயாரா என்று கேட்டபோது, இன்னும் ஒரு நாள் ஆகும் மேடம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொன்னார். பொய் ஒன்று சொன்னால் அது தனியாக இருக்க முடியாமல் துணைக்கு இன்னொன்றைக் கூப்பிட்டுக்கொள்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு மச்சான் வந்தார். முகம் ஐந்தே நாளில் ஒரு சுற்று இளைத்திருந்தது. கையில் இரண்டு வெள்ளைத்தாள், ஒரு உறை. உறையில் அனுப்புநர் இடத்தில் தன் பெயரும் விலாசமும் கோணலாக எழுதியிருந்தார். பெறுநர் இடத்தில் இல்லத்தின் விலாசம்.

“வா மாப்ள, உன் கையெழுத்துக்கு வேல வந்திருக்கு,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றது. “நான் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். மேடம் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு அறுபது வயசாயிடும்.”

பின்னறையில் மேசைக்கு இந்தப் பக்கம் பட்டறைக்காரர், அந்தப் பக்கம் மச்சான். அடுப்பருகே அவள், முதுகைக் காட்டிக்கொண்டு.

“எழுதிக்கோ. அன்னைக்கு பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, என் கால்தான் தப்பு பண்ணிடுச்சு, வயசாயிடுச்சு, நானே வண்டியிலேருந்து இறங்கிக்கறேன். அவ்வளவுதான். இத உன் தமிழ்ல அழகாப் போட்டுடு. அவங்க தள்ளிவிட்டாங்கன்னு இருக்கக்கூடாது மாப்ள, நானா இறங்கினேன்னு இருக்கணும்.”

பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

“மச்சான், நீங்க பிரேக்க மிதிச்சீங்களா, இல்லையா?”

“மிதிச்சேன்னுதான் நெனச்சேன்.” மச்சான் தன் வலது காலைப் பார்த்தார், யாரோ ஒரு வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. “காலு தரையில போய் முட்டிச்சு. அது நல்லா நெனவு இருக்கு. ஆனா பெடல் எப்படித் தரையில முட்டும்? நீ பாத்துக் கொடுத்த வண்டி. அப்ப என்ன அர்த்தம்? நான் பெடல மிதிக்கல, பக்கத்துல வெறுந்தரைய மிதிச்சிருக்கேன். அஞ்சு நாளா யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். வேற மாதிரி இருக்கவே முடியாது.”

“வியாழக்கிழம எனக்குப் போன் பண்ணினீங்களே. அத ஏன் மேடம்கிட்ட சொல்லல?”

“அதச் சொன்னா, உன்மேல பழியப் போட்டுட்டு நான் நழுவற மாதிரி ஆயிடாது? ஆறு வண்டி உன்கிட்ட வருது. தங்கச்சி வீடு அதுலதான் ஓடுது.” கையை உதறினார். “அத விடு. நீ சரின்னு சொன்னா சரிதான். உன் வேலையில எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல. எழுது.”

அடுப்பருகே கரண்டிச் சத்தம் நின்றது.

நேரில் போய்ச் சொல்லிவிடலாமா என்று பட்டறைக்காரர் ஒரு கணம் நினைத்தார். வேண்டாம். நேரில் போனால் வாய் மழுப்பும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கல்லைத் தூக்கிப் போடும். அன்று சொன்னது எழுத்தில் ஏறிக் கோப்பில் கிடக்கிறது, இதுவும் எழுத்தில்தான் போக வேண்டும். தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மச்சான் டீயை எதிர்பார்த்து விரலால் மேசையைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். “நான் சொன்னது நாலு வரி. நீ என்ன, வீட்டுப் பத்திரமா எழுதற?” என்றார். பேனா நிற்கவில்லை. முதல் தாள் முடிந்து இரண்டாவதற்குப் போனதும், “மாப்ள, ஓய்வூதியமும் சேத்துக் கேக்கறியா?” என்றார். எழுதி முடித்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் பட்டறைக்காரர் நிமிர்ந்தார்.

“படிக்கறேன். நடுவுல நிறுத்தாதீங்க மச்சான்.”

படித்தார்.

‘மதிப்பிற்குரிய மேலாளர் அம்மா அவர்களுக்கு, தங்கள் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரன் எழுதிக்கொள்வது. திங்கட்கிழமை தங்கள் அறையில் நான் சொன்னது உண்மையல்ல. வியாழக்கிழமை தங்கள் வேனின் முன் காலிப்பர்களை மாற்றும்போது, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிவிட்டேன். அதனால் உள்ளே காற்று தங்கிவிட்டது. அப்படித் தங்கினால் முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கும். விடாமல் மூன்று முறை மிதித்தால் கல் போல் நிற்கும். நானும் ஆய்வாளரும் மூன்று முறை மிதித்துப் பார்த்தவர்கள். சரிவில் இறங்கும் வண்டியில் ஒரு முறை மிதிக்கத்தான் நேரம் இருக்கும்.

பெடல் மெத்தென்று இருப்பதாக வண்டியை விடும் முன்பே என் மனைவி சொன்னாள். அன்று மாலை ஓட்டுநரும் தொலைபேசியில் சொன்னார். இருவரையும் நான் பொருட்படுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை சோதித்தபோது என் தவற்றைக் கண்டேன், திருத்திவிட்டேன். அன்றே எழுதாமல் ஒரு நாள் மறைத்தேன், அதையும் தெரிவித்துக்கொள்கிறேன். ஓட்டுநர் சரியான நேரத்தில் சரியான பெடலை மிதித்தார். அவர் காலிலோ கவனத்திலோ ஒரு குறையும் இல்லை. தையல்காரர் ஐயா கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்; அவர் கை முறிந்ததற்கு நானே பொறுப்பு, நேரில் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். கம்பெனியார் எப்போது கேட்டாலும் இதையே சொல்வேன். இனி தங்கள் வண்டிகளை என்னிடம் அனுப்புவதும் அனுப்பாததும் தங்கள் விருப்பம்.’

படித்து முடித்துத் தாள்களை மேசையில் வைத்தார்.

“அந்தக் கால்னு வர்ற இடம்,” என்றார் மச்சான். “அத இன்னொரு தடவ படி.”

“ஓட்டுநர் சரியான நேரத்தில் சரியான பெடலை மிதித்தார். அவர் காலிலோ கவனத்திலோ ஒரு குறையும் இல்லை.”

மச்சானின் கை மேசைக்கு அடியில் போய் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டது. “அஞ்சு நாளுடா,” என்றார். “அஞ்சு நாளா என் காலை நானே… பேரன் எதிர ஓடி வந்தாக்கூட ஒதுங்கி நின்னேன்டா, மிதிச்சுடுவேனோன்னு. நீ அந்த பெஞ்சுல உக்காந்துகிட்டு கல்லுங்கற.”

பட்டறைக்காரர் சொல்வதற்கு இருந்ததையெல்லாம் அந்த இரண்டு தாளில் எழுதிவிட்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சான் எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்றே பட்டறைக்காரர் நினைத்தார். வேன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மச்சான். எங்கோ தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு, ஒரு தடவை மிதித்தார். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டறைக்காரரைப் பார்க்காமல் கடிதத்தைப் பார்த்துப் பேசினார்.

“இது போனா அந்த ஆறு வண்டியும் போயிடும்.”

“போகட்டும் மச்சான்.”

“நான் மேடம்கிட்ட உனக்காகப் பரிஞ்சு பேச மாட்டேன்.”

“வேண்டாம்.”

“ஒரு மாசத்துக்கு இந்தப் பட்டறையில டீ குடிக்க மாட்டேன்.”

“அண்ணே,” என்றாள் அடுப்பருகிலிருந்து, இன்னும் திரும்பாமல், “இப்பப் போட்டு வச்சிருக்கற டீய என்ன பண்றது?”

மச்சான் மூக்கை உறிஞ்சினார். “அதக் குடு. குடிச்சுட்டு ஆரம்பிக்கறேன்.”

அவள் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கிளாஸ் அண்ணன் முன்னால், ஒரு கிளாஸ் கணவர் முன்னால். அவர் தொடவில்லை. இரண்டு தாளையும் விளிம்பு பார்த்து மடித்தார். மச்சானின் உறையை எடுத்து, அனுப்புநர் இடத்தில் இருந்த கோணல் எழுத்துகளின்மேல் நேராக ஒரு கோடு போட்டு, கீழே தன் பெயரையும் பட்டறை விலாசத்தையும் எழுதினார். மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

“கூரியர் கடையில நாலு மணியோட வாங்கறத நிறுத்திடுவான்,” என்றார். “போறதுன்னா இப்பவே போ.”

கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. பட்டறைக்காரரும் கூப்பிடவில்லை. தனியாக நடந்தார். பக்கத்துத் தெருவில் டயர் கடைக்கு அடுத்தது கூரியர் கடை. வழியில் ஒரு லாரி ஓட்டுநர் “என்ன மூணுமிதி, பட்டறைய விட்டுட்டு நடைப்பயிற்சியா?” என்று கை ஆட்டினார். இவரும் கை ஆட்டினார். நாளைக்குள் அவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

கூரியர்காரர் உறையைக் கையில் வாங்கிப் பார்த்து, “ஒட்டலையே அண்ணே” என்று பசை டப்பாவை நகர்த்தினார். நாளை பகல் பத்து மணிக்குள் கட்டாயம் போய்விடுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். கட்டாயம் போய்விடும் என்றார் அவர். பட்டறைக்காரர் மடிப்பில் பசை தடவி, மூடி, கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தி, ஒட்டுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டினார். கூரியர்காரர் எடை போட்டு, முத்திரை குத்தி, வாய் கட்டுவதற்குத் தயாராக இருந்த மூட்டைக்குள் அதைப் போட்டார்.